நூறு கிராமுக்கு அக்கா

முதல் நாள் நான் கொண்டுபோன திராட்சையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். காவலாளி எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் பையை வாங்கி, தராசில் வைத்து, அது அசைந்து நிற்கும்வரை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, அதையும் நிறுத்து, என்னிடம் நீட்டினார்.

"உங்க பச்சைப் பழத்துக்குச் சமமான உலர் பழம்மா. ஒரு குந்துமணி குறையாது."

"அது கறுப்புத் திராட்சைங்க," என்றேன்.

"நிறத்தைச் சொல்லலை. காயாத எதுவா இருந்தாலும் இங்கே அது பச்சைதான்."

என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் தப்பு ஒன்றும் இல்லை. தராசில் வைக்கும் முன் எதையும் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார்.

கொண்டுபோனது ஒரு கிலோவுக்கு மேல். பொட்டலம் என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

"மிச்சம்?"

"மிச்சம் தண்ணிம்மா. தண்ணியில என்ன சத்து இருக்கு?"

பள்ளிக்கூடத்தில் தண்ணீரைப் பற்றிப் படித்ததெல்லாம் நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை என்பதுதான். இல்லாதவற்றைச் சொல்லியே அறிமுகப்படுத்தப்பட்ட ஒன்றுக்காக யாரிடம் போய் வாதாடுவது? பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கூடத்துச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது: நீர் நீங்கினால் நிறைவு.

அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆபத்தைத் தாண்டிவிட்டாள், இனி உடம்பு தேற வேண்டியதுதான் என்று அறுத்த டாக்டர் சொன்னார். வெறும் தண்ணீர் புரையேறியது. கட்டியாக எதுவும் இறங்கவில்லை. தோல் உரித்த திராட்சை மட்டும் தானாக வழுக்கிக்கொண்டு போனது. "அதையே குடுங்க. நாள் பூரா ஒண்ணொண்ணா வாயில போட்டுக்கிட்டே இருக்கட்டும்," என்றார் டாக்டர். உடம்பு தேற்றுவதற்குப் பேர்போன இந்த இல்லத்தை அத்தான்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். இங்கே சமையலறைக்குப் பதிலாக உணவு ஒப்பீட்டுத் துறை என்று ஒன்று இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது சமையலறையைவிட உயர்ந்ததாக அவருக்குப் பட்டது.

படுக்கையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் இன்னும் அக்காவாகவே இருந்தாள். கட்டில் நிறைய இருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி இது, எலிப் புழுக்கை மாதிரி." குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. கிண்டல் மட்டும் முழுசாக வந்தது.

"ஒரு கிலோ திராட்சைக்கா அது."

"கிலோ திராட்சை இவ்வளவுதானா? அப்ப உங்க அத்தானைக் காயவெச்சா தீப்பெட்டியில போட்டு மூடிடலாம்."

இருவரும் சிரித்தோம். அவள் சிரித்தால் கழுத்தும் தோளும் வயிறும் தனித்தனியே சிரிக்கும். பக்கத்துப் படுக்கையிலிருந்த அம்மாள் தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தாள். ஒல்லியாக, வெயிலில் விட்ட விறகின் நிறத்தில் இருந்தாள். ஓய்வுபெற்ற டீச்சர் என்று பிறகு தெரிந்தது.

"புதுசு," என்றாள் டீச்சர், அக்காவைப் பற்றி என்னிடம். "நிறைய ஈரம் இருக்கு. போகப் போகச் சரியாயிடும்."

அக்கா ஒரு உலர் திராட்சையை வாயில் போட்டாள். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் நகர்த்தித் தொண்டைக்குக் கொண்டுபோனபோது கண் பிதுங்க இருமினாள். நான் இன்னொன்றை எடுத்து, மேசையில் மாத்திரைக்காக வைத்திருந்த தம்ளர் தண்ணீரில் போட்டேன். கொஞ்சம் ஊறினால் உப்பும், உப்பினால் இறங்கும் என்று நினைத்தேன். நர்ஸ் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"ஊறவைக்கறீங்களா?"

"ஆமாம்மா. காஞ்சது இறங்கலை."

"கலப்படம் பண்றீங்க." அவள் கோபப்படவில்லை. உண்மையிலேயே வருந்தினாள். "நூறு கிராமை இருநூறு ஆக்கிட்டா ஒவ்வொரு கிராமுலயும் சத்து பாதியாயிடும். கூடப் பிறந்தவங்களுக்கு இதைச் செய்வீங்களா?"

தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கட்டிலின் கால்மாட்டில் உலர்வு மதிப்பெண் என்று தலைப்பிட்ட ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் சுண்ணாம்புக் கட்டியால் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. டீச்சரின் கட்டிலில் எண்பத்தாறு.

நான் ஃப்ரிட்ஜ் கம்பெனியில் புகார் தொலைபேசி எடுக்கிறவள். வீட்டில் வைத்ததெல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று ஜனங்கள் என்னைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். நான் குரலை உயர்த்தமாட்டேன். "உங்க வருத்தம் புரியுது. குறிச்சுக்கிட்டேன்," என்பேன். அப்படிச் சொல்லும்போது எதையும் குறித்துக்கொள்வதில்லை, எதுவும் புரிவதும் இல்லை. அந்தத் தாழ்ந்த குரலுக்கு இருக்கும் பலம் எனக்குத் தெரியும். ஆனால் அதை மறுமுனையில் இருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டால் மனசு அடங்கிப்போகிறது. இத்தனை நிதானமாகப் பேசுகிறவர்கள் தப்பாகச் சொல்வார்களா என்று தோன்றுகிறது. என்னைக் கூப்பிட்டவர்களும் இப்படித்தான் போனைக் கீழே வைத்தார்களோ என்னவோ.

ஒப்பீட்டு அதிகாரியைப் பார்க்க அடுத்த வாரம் அனுமதி கிடைத்தது. அவர் அறையில் மேசையைவிட விளக்கப்படம் பெரியது. ஒரு பக்கம் பச்சைப் பழம், மறுபக்கம் உலர் பழம்.

"படிங்க," என்றார்.

படித்தேன். நூறு கிராமுக்கு என்று தலைப்பு. சக்தி, பச்சையில் இருப்பதைப்போல நாலு மடங்கு உலர்ந்ததில். நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் பொட்டாசியமும் அதேபோல நாலு மடங்கு. கடைசி வரியில் காகிதம் ஒட்டி மறைத்திருந்தது.

"இது என்னங்க?"

"வைட்டமின் சி. காயவெச்சா முக்கால்வாசி போயிடுது. மத்த வரியெல்லாம் ஒழுங்கா நடந்துக்குது, இது மட்டும் ஒத்துழைக்கலை. அதான் ஒட்டிட்டோம்."

காகிதத்தின் ஓரத்தில் ஊதா நிறத்தில் பிசுபிசுப்பாக ஒரு விரல் அடையாளம் இருந்தது.

"எனக்கு ஒண்ணு புரியலைங்க," என்றேன். "ஒரு திராட்சை காஞ்சா ஒரு உலர் திராட்சைதானே ஆகும்? அதுக்குள்ள இருந்ததுதானே இதுக்குள்ளயும் இருக்கும்? நாலு மடங்கு எங்கேருந்து வருது?"

நான் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"நீங்க எண்ணறீங்க. நாங்க நிறுக்கறோம். எண்ணறது வீட்டு வழக்கம். நிறுக்கறதுதான் அறிவியல்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உங்க அக்காவையே எடுத்துக்குவோமே. வரும்போது என்ன எடை, இப்ப என்ன எடை? நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா எலும்பு அப்படியே இருக்கு. ரத்தத்துல இரும்பு அப்படியே இருக்கு. அப்ப என்ன அர்த்தம்?"

"என்னங்க அர்த்தம்?"

"நூறு கிராமுக்கு உங்க அக்கா உயர்ந்துக்கிட்டே வர்றாங்க."

அவர் சொல்லி முடித்த கணத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உயர்ந்துகொண்டே வருகிறாள் என்ற சொல் அப்படிப்பட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அதைத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் எங்கோ ஓட்டை இருந்தது. கல்லில் இடறியவன் கல்லைத் தேடுவதுபோல அந்த நடைபாதையில் நின்று தேடினேன். கிடைக்கவில்லை. அதற்குள் பார்வை நேரம் முடிந்தது.

அக்கா வற்றிக்கொண்டே வந்தாள். மோதிரம் முதலில் விரலில் சுற்றியது, பிறகு கழன்று என் பணப்பைக்கு வந்தது. உதட்டில் வெடிப்பு விழுந்தது. புறங்கைத் தோலை இழுத்து விட்டால் அது திரும்பிப் போகாமல் கூடாரம்போல நின்றது. தண்ணீரைக் கரண்டியில் அளந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துப் புரையேறினால், வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். சிலேட்டில் எண் ஐம்பதாகி, அறுபதைத் தாண்டியது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் நர்ஸ் கைதட்டினாள். டீச்சரும் தட்டினாள். காகிதத்தை மடிப்பதுபோன்ற சத்தம் வந்தது.

அத்தானிடம் போனில் பேசினேன். அக்காவை வெளியே எடுக்க அவர் சொன்னால்தான் முடியும்.

"அறுபத்தேழாமே," என்றார். "நம்ம குடும்பத்துல எதுலயாவது யாராவது அறுபத்தேழு வாங்கியிருக்காங்களாம்மா?"

"அத்தான், அவ சாகப்போறா. நீங்க வந்து ஒருதடவை கையைத் தொட்டுப் பாருங்க."

"நீ ஏன் இப்படிப் பேசறே? படிச்சவங்க பார்த்துக்கறாங்க. நானும் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டுட்டேன். பாதி காஞ்சதை வெளியே எடுத்தா பூஞ்சை பிடிச்சிடும்னு சொல்றாங்க. அந்தப் பாவத்தை நான் சுமக்கணுமா?"

பூஞ்சை என்ற சொல்லை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களுக்கு ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

கடைசியாக இல்லத்தின் இயக்குநரிடம் குறை சொல்ல நேரம் வாங்கினேன். பழம் தின்று கொட்டை போட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் முன்னாலிருந்த தட்டில் கொட்டைகள் இருந்தன. பக்கத்தில் ஒரு கூடை. அதில் ஆரஞ்சும் பேரிக்காயும் திராட்சையும், வாசலில் பல கைகளிலிருந்து வாங்கியவை, ஈரம் மினுங்க அடுக்கியிருந்தன. நான் கூடையைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"தரம் குறைஞ்ச பழம்மா. நோயாளிகளுக்குக் குடுக்க மனசு வரலை. வெளியே கொட்டினா இல்லாதவங்க எடுத்துச் சாப்பிட்டு ஏமாந்துபோவாங்க. அதனால அந்தக் கஷ்டத்தை நிர்வாகமே ஏத்துக்கிட்டிருக்கு." ஒரு திராட்சையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "தினமும். ஞாயித்துக்கிழமைகூட விடறதில்லை."

அக்காவுக்கு ஒரு கொத்துத் திராட்சை மட்டும் அனுமதியுங்கள் என்று கேட்டேன். தொண்டைத் தண்ணீர் வற்றுகிற வரைக்கும் பேசினேன். அதைச் சொல்லவும் செய்தேன். "தொண்டைத் தண்ணி வத்திப்போச்சுங்க, இதுக்கு மேல எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒப்பீட்டு அதிகாரியின் முகம் மலர்ந்தது. நல்ல அறிகுறி என்று இயக்குநரிடம் சொன்னார்.

இயக்குநர் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"வெளியில எங்களைப் பத்தி என்ன பேசறாங்கன்னு தெரியும். நெஞ்சுல ஈரமே இல்லைங்கறாங்க. நாங்க அதை மறுக்கவே இல்லையேம்மா. கட்டடம் கட்டும்போதே அதுக்குத்தான் ஏற்பாடு. சுவத்துல ஈரம் கிடையாது, தரையில கிடையாது, ஊழியர்கள்ட்ட கிடையாது. வருஷா வருஷம் பரிசோதனை பண்றோம். இந்த நாற்காலியில எனக்கு முன்னாடி இருந்தவர்ட்ட கொஞ்சம் இருந்தது. அவரை மாத்தவேண்டியதாப் போச்சு."

"ஒரு கொத்துதாங்க."

"தாராளமாக் குடுங்க. நாங்க பச்சைக்கு விரோதி இல்லை. ஆனா சமமாக் குடுக்கணும். அவங்க ஒரு வேளைக்குச் சாப்பிடற உலர் பழத்தோட சத்து வேணும்னா ஒன்றரைக் கிலோ பச்சைத் திராட்சையை ஒரே தடவையில சாப்பிட்டாகணும். ஒரு கொத்து குடுத்து நிறுத்தினா அது பட்டினி போடறது. இந்த இல்லத்துல யாரையும் பட்டினி போட அனுமதிக்க முடியாது."

எனக்கு அழுகை வந்தது. ஒரு உதவியாளர் உறிஞ்சுதாளோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அழுங்க, தடுக்கலை," என்றார் இயக்குநர் கனிவாக. "எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க."

அந்த வாரம் டீச்சருக்குத் தொண்ணூறு வந்தது. தொண்ணூறு வந்தவர்களை மேல்தளத்துக்கு அனுப்புவார்கள். வார்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளைத் தூக்கித் தள்ளுவண்டியில் கிடத்த ஒரே ஆள் போதுமாயிருந்தது. அதுவும் ஒரு கையால். போகும்போது டீச்சர் வார்டைத் திரும்பிப் பார்த்து, கடைசி பெஞ்சுக்காரர்களைப் பார்ப்பதுபோல லேசாகத் தலையாட்டினாள்.

"மேல என்ன இருக்கு?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"நல்ல வெயில். ஜன்னலுக்குத் திரை கிடையாது."

"நாங்க போய்ப் பார்க்கலாமா?"

"மூச்சுல ஈரம் இருக்குமே."

"திரும்பி எப்ப கீழ வருவாங்க?"

நர்ஸ் யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "எதுக்கு வரணும்?" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்காவின் சிலேட்டில் எண்பத்தொன்பது.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். முன்பு நான் உட்கார அவள் நகர வேண்டியிருக்கும். இப்போது எங்கே உட்கார்ந்தாலும் இடம் இருந்தது.

"நாளைக்கு எப்படியாவது திராட்சை கொண்டு வர்றேன்," என்று காதருகே சொன்னேன். "ஒரு நாள் எண் இறங்கினாப் போதும், மேல அனுப்ப மாட்டாங்க. அதுக்குள்ள அத்தானை எப்படியாவது இழுத்துட்டு வந்துடுறேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். பேசுவதற்கு முன் உதடுகளைப் பிரிக்கவே நேரம் எடுத்தது.

"வேணாம்டி."

"என்ன வேணாம்?"

"எறங்கிடும்."

"எறங்கட்டும்னுதான்கா சொல்றேன்."

அவள் தலையை இல்லை என்று அசைத்தாள். பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று, சொன்னாள். "பூசணின்னு கூப்பிட்டாங்க. உனக்கு ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல, கல்யாணத்துல, எல்லா எடத்துலயும். உங்க அத்தான் வீட்டுல நாற்காலி உடைஞ்சா என்னைப் பார்ப்பாங்க. எதுலயும் நான் முதல்ல வந்ததில்லை. இப்ப டாக்டருங்க வந்து கால்மாட்டுல நின்னு பார்த்துட்டுப் போறாங்க. மத்தவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டறாங்க."

"நானுந்தான்கா உன்னைப் பூசணின்னு கூப்பிட்டிருக்கேன்."

"நீ ஆசையாக் கூப்பிட்டே." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுவும் பூசணிதான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சருகைப் பிடிப்பதுபோலப் பயந்து பிடித்தேன். இதுவரை இந்த இல்லத்தோடு மட்டும்தான் சண்டை என்று நினைத்திருந்தேன். வாசல், தராசு, படம், இயக்குநர் எல்லாம் வெளியே இருக்கும் விஷயங்கள். அவளுக்குள்ளேயே, எங்களுக்குத் தெரியாமல், ரொம்ப வருஷமாக ஒரு இடம் காலியாக இருந்திருக்கிறது. இவர்கள் அதைக் கண்டுபிடித்து ஒரு சிலேட்டை மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். கூடவே இருந்த நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் வீட்டிலேயே திராட்சையைத் தோல் உரித்தேன். இரண்டு கன்னங்களிலும் அடக்கிக்கொண்டேன். எத்தனை அடங்குமோ அத்தனை. பஸ்ஸில் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, பல் படாமல், எச்சில் விழுங்காமல் உட்கார்ந்திருந்தேன். நாக்கின் ஓரத்தில் சாறு கசிந்தபோதெல்லாம் அது அக்காவுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

காவலாளி என் வெறுங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கு ஒண்ணும் கொண்டு வரலையா?"

தலையாட்டினேன்.

"கோவமா? பேசவே மாட்டேங்கறீங்க."

கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"பல்வலியா? அடடா. வீங்கியிருக்கே. ஒரு உலர் அத்திப்பழத்தை அந்தப் பக்கமா அடக்கி வெச்சுக்குங்க. உறிஞ்சிடும்." உள்ளே விட்டார்.

வார்டில் கூட்டமாக இருந்தது. இரவுக்குள் அக்காவுக்குத் தொண்ணூறு வந்துவிட்டது. தள்ளுவண்டி தயாராக நின்றது. அதில் அவளைக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். துணிக்கு அடியில் ஆள் இருப்பது தெரியவில்லை. முகம் மட்டும் மேலே வைத்ததுபோல இருந்தது. அத்தான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தலைமாட்டில் நின்றார். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"இவங்க இங்கே வந்தப்ப அஞ்சுல மூணு பங்கு வெறும் தண்ணி. நான் குறை சொல்லலை, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. இன்னிக்கு நூறு கிராமுக்கு இவங்களுக்குச் சமமா இந்த ஊர்ல யாரையும் காட்ட முடியாது. நடமாடிக்கிட்டிருக்கிற யாரையும் காட்ட முடியாது. குடும்பத்தினர் ரெண்டு வார்த்தை பேசணும்."

"பெருமையா இருக்கு," என்றார் அத்தான். அவர் கண் கலங்கியது. உதவியாளர் உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்தார்.

"தங்கச்சி? உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடலாம். ஆட்சேபணையைக் கேக்காம நாங்க யாரையும் மேல அனுப்பறதில்லை. இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாயைத் திறந்தால் போயிற்று. திறக்காவிட்டாலும் போயிற்று. அக்காவின் பக்கத்தில் போய்க் குனிந்து, முத்தம் கொடுப்பதுபோல ஒன்றையாவது அவள் வாயில் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தேன். வண்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னத்தில் அத்தனை ஈரத்தை வைத்துக்கொண்டு, தொண்டை காய்ந்துபோய், நான் நின்றேன்.

"நெகிழ்ச்சியில பேச்சு வரலை," என்றார் ஒப்பீட்டு அதிகாரி.

"மௌனம் சம்மதம்," என்றார் இயக்குநர். வண்டியைத் தள்ளச் சைகை காட்டினார்.

"வேண்டாம்," என்றேன்.

சொல் முழுசாக வரவில்லை. வலது கன்னத்தில் இருந்ததெல்லாம் நசுங்கி, அந்தச் சொல்லோடு சேர்ந்து வெளியே வந்தது. சாறு மோவாயில் வழிந்து கழுத்தில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். வாசனை பரவியது. வரிசையாக இருந்த படுக்கைகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கண்ணைத் திறக்காமல், மூக்கால் திரும்பின.

"ஈரம் பட்ட இடத்தைத் துடைங்க," என்றார் இயக்குநர். குரல் உயரவில்லை.

முதலில் அசைந்தது அக்காதான். வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து அவள் கை வெளியே வந்தது. துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, என் மோவாயைத் துடைத்தது. கழுத்தைத் துடைத்தது. வாயோரத்தைத் துடைத்தது. சின்ன வயதில் சாப்பிட்டு முடித்ததும் எப்படித் துடைப்பாளோ, அதே அழுத்தம். கொஞ்சம் வலிக்கும்படி.

"எல்லாரும் பார்க்கறாங்கடி," என்றாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது. எனக்காக வெட்கப்பட்டாள். அத்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இயக்குநர் தலையசைத்தார். அது பாராட்டு. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வண்டி நகர்ந்தது.

நான் கூடவே நடந்தேன். லிஃப்ட் கதவு வரைக்கும்தான் விடுவார்கள். உள்ளே வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது அவள் முகம் என் பக்கம் வந்தது. கூட வந்த ஆள் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். துடைத்த துணியோரம் இன்னும் அவள் முஷ்டிக்குள் இருந்தது. அங்கே திராட்சைச் சாறு ஊறிப் பரவியிருந்தது. அந்த முஷ்டி, ஆள் பார்க்காத பக்கமாக, மெல்ல மெல்ல, உதட்டை நோக்கிப் போனது. கதவு மூடும்போது அவள் துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

லிஃப்டுக்குப் பக்கத்தில் மாடிப்படி இருந்தது. அனுமதி இல்லை என்று எழுதிய சங்கிலி குறுக்கே தொங்கியது. அங்கே யாரும் இல்லை. இடது கன்னத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தவை நசுங்காமல் இருந்தன. வாயை இறுக மூடிக்கொண்டு, சங்கிலிக்கு அடியில் குனிந்து, படியேறத் தொடங்கினேன்.